காலி வகுப்பறையில் உன் பெயர்

கீர்த்தனா கண்ணு,

நேற்று பெங்களூரிலிருந்து போன் செய்து தம்பியின் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டாய். வைக்கும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "அப்பா, அவன் சர்ட்டிபிகேட்டையாவது யாருக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க." நானும் சிரித்தேன். ஆறு வருடமாக அதை நம் வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்பா ஏமாந்த கதை, பைக்கில் போய்ச் சர்ட்டிபிகேட்டை மீட்டுவந்த கதை. அதில் நீ பார்க்காத பகுதி ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் அது தெரியாது. போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். தம்பி தன் கல்லூரிப் பட்டியலை முடித்துவிடுவதற்குள் இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் நான் வீட்டில் இருந்ததே ஒரு விபத்தால்தான், உனக்கு நினைவிருக்கும். சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தபோது இரும்பு ராடு பாதத்தில் விழுந்து, கட்டோடு திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் உன் பதினேழு வயதுவரை வருடத்தில் பத்து மாதம் போர்வெல் போடும் ரிக் வண்டியில்தான் இருந்தேன். நீ எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், பிறந்த வருடத்திலிருந்து மனதுக்குள் கூட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். அப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு கோடை முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அம்மாவும் மேசை மேல் நீள நோட்டை விரித்து, கல்லூரிப் பெயர்களை மேலும் கீழும் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள். "கோயம்புத்தூர்ல சிவில், அதுதான் மொதல்ல" என்று நீ. "தெனமும் ஊட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரி பாரு சாமி" என்று அம்மா. கட் ஆப், ரேங்க், ரவுண்டு என்று நீங்கள் பேசிய எதுவும் எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. என் பிள்ளையின் படிப்புக்கு நானாக ஒன்று செய்தேன் என்று இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே பெரிதாகிக்கொண்டே போனது. நான் செய்த தவறு அந்த ஆசையில்தான் தொடங்கியது.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. உன் மதிப்பெண் எங்களுக்குத் தெரிந்த அன்று மாலைக்குள் முன்பின் தெரியாத பதினைந்து பேர் அதை என்னிடம் சொன்னார்கள். எல்லாக் காலேஜிலிருந்தும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ சொன்னாய். ஆனால் ஒரு போன் மட்டும் தினமும் காலை பதினோரு மணிக்குச் சரியாக வரும். ஒரு பெண் குரல். மெல்லிய, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். "கீர்த்தனாவோட அப்பாங்களா? பாப்பா சாப்புட்டாச்சுங்களா?" என்றுதான் தொடங்கும். "பாப்பாவுக்கு சிவில்தானுங்க புடிக்கும்? பாப்பாவுக்குன்னு இங்க ஒரு எடம் எடுத்து வெச்சிருக்கறமுங்க." நீ சிவில் கேட்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. காலேஜ் என்றால் பிள்ளைகள் பேச்சு, மணியடிப்பது, பஸ் திரும்புவது, ஏதாவது கேட்க வேண்டாமா? மண்ணுக்குள் முந்நூறு அடியில் இருந்து பேசுவது போல அத்தனை அமைதி.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நீயும் அம்மாவும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தபோது அதே காலேஜிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வழவழப்பான கல்லூரிப் புத்தகம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, என் காலைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். "கவுன்சிலிங்ல சீட்டு வரும்னு ஆருங்க உறுதியாச் சொல்ல முடியும்? ஒருவேளை வரலீன்னா பாப்பா ஒரு வருசம் ஊட்லதானுங்க உக்காரோணும். ஒரிஜினலக் குடுங்க, ஒரு சீட்ட ஓரமா எடுத்து வெச்சிருவோம். கவுன்சிலிங்ல கெடச்சுதுன்னா அடுத்த நிமிசம் திருப்பிக் குடுத்தர்றனுங்க." நான் பீரோவைத் திறந்து, நீ நீல நிற பைலில் அடுக்கி வைத்திருந்த மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்கவில்லை. கவுன்சிலிங்கில் உனக்கு எதுவும் கிடைக்காமல் நீ அழும்போது, "அப்பா ஒரு எடம் வெச்சிருக்கேன் சாமி" என்று சொல்லப்போகும் அந்த நிமிடத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன். உன் தோல்வியை எதிர்பார்த்து அதில் எனக்கு ஒரு பெருமையைத் தேடியிருக்கிறேன், கண்ணு. இதை எழுதும்போதுதான் அது முழுசாகப் புரிகிறது.

உனக்குக் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர், அரசுக் கல்லூரி, சிவில். நீ துள்ளிக் குதித்தாய், அம்மா உன் நெற்றியில் திருநீறு வைத்தாள். மூன்று நாளுக்குள் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும். நான் அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆப். அன்று முழுக்க ஸ்விட்ச் ஆப். மறுநாள் காலை நீ பீரோவைத் திறந்தாய். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, மடித்து, திரும்ப வைக்கும் சத்தம் மட்டும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல்தான் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எந்தக் காலேஜுங்கப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

காலில் கட்டு அப்போதுதான் பிரித்திருந்தது. உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். நாமகிரிப்பேட்டை தாண்டி, வெயிலில் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே, மலை கிட்டக் கிட்ட வரும் அந்த ரோடு. வளைவு வைத்த பெரிய வாசல் வந்தது. உள்ளே ஏழெட்டு மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. நீ கவனித்தாயோ என்னவோ, எல்லாவற்றின் டயர்களும் காற்றிறங்கி மண்ணில் பதிந்திருந்தன. ஒரு பஸ்ஸின் கண்ணாடிக்கு உள்பக்கம் புல் முளைத்திருந்தது. வாட்ச்மேன் நம்மை யார் என்று கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க சாமி, பாப்பா வருமுன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்காமலே வண்டியை உள்ளே விட்டேன். வருகிற எல்லோரிடமும் அப்படிச் சொல்லும்படி அவருக்கு உத்தரவு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாது.

உன்னைக் கீழே, மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மேலே ஏறினேன். நீ பார்க்காத பகுதி இங்கேதான் தொடங்குகிறது. மாடி வராந்தாவில் ஒரு அறைக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இருபது, முப்பது ஜோடி இருக்கும். கம்ப்யூட்டர் லேப். அப்பாடா, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி நிம்மதி. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. குனிந்து பார்த்தால் செருப்புகள் மேல் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு செருப்புக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. போர் போடும்போது சில இடத்தில் பாறை திடீரென்று இல்லாமல் போகும். ராடு எதையும் தொடாமல் சட்டென்று இறங்கும். அந்த நேரம் நாங்கள் எல்லோரும் குழியை விட்டு ஒரு அடி பின்னால் நகர்வோம். அந்த அறை வாசலை விட்டும் அப்படித்தான் ஒரு அடி பின்னால் வந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தினமும் பதினோரு மணிக்கு நான் கேட்ட அதே குரல். வராந்தாவின் கடைசி அறையிலிருந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பெயர், கொஞ்சம் இடைவெளி, அடுத்த பெயர். பதில் எதுவும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் ஒரு பெண், காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. கரும்பலகை முழுக்கப் பாடம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எதிரில் பெஞ்சுகள் மட்டும். அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து ஒரு பெஞ்சைப் பார்ப்பார். பதில் வந்ததுபோல லேசாகத் தலையாட்டி, நோட்டில் குறிப்பார். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. உன் பைல் நினைவு வந்ததால் நின்றேன்.

"எஸ். கீர்த்தனா" என்றார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். அந்த இடைவெளியில், "பிரசன்ட் மிஸ்!" என்று உன் குரல் கேட்டது.

கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ, அந்த ஆளில்லாத கட்டடத்தில் மாடியிலிருந்து உன் பெயர் கேட்டதும் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறாய். படிக்கட்டு வழியாக ஏறி வந்த அந்தச் சத்தம் காலி வராந்தாவில் நாலு பக்கமும் மோதி, மூன்றாவது பெஞ்சிலிருந்தே வந்தது போல இருந்தது. எனக்கு உன் குரல் என்று தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த பேனா விழுந்தது. அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு, பின்னால் கரும்பலகையில் போய் முட்டிக்கொண்டு நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தமே வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

நான் கதவருகே போய், "அம்மிணி, பயப்படாதீங்க. என்ற பொண்ணுதானுங்க, கீழ உக்காந்திருக்குது" என்றேன்.

அவருக்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நெசமாலுமே வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். "ரெண்டு வருசமாச்சுங்க இந்த ரூம்ல ஆரும் பதில் சொல்லி."

கூரை மூலையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். நிர்வாகம் எங்கிருந்தோ அதில் பார்த்துக்கொண்டிருக்குமாம். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளிடம் காட்ட, தினமும் வகுப்பு நடந்ததாகப் பதிவேடு இருக்க வேண்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நின்று பேர் கூப்பிட்டுப் பாடம் நடத்த வேண்டும். இடைவேளையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட வேண்டும். "பாப்பா சாப்புட்டாச்சுங்களான்னு கேக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்கங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நீ பூர்த்தி செய்து கொடுத்த ஏதோ ஒரு படிவம் கை மாறிக் கை மாறி அவரிடம் வந்திருந்தது. அதில் நீயே சிவில் என்று எழுதியிருந்தாய்.

நான் கைகூப்பி உன் பைலைக் கேட்டேன். அவர் கேமராவை ஒரு முறை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று எதிர் அறைக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். பைல்கள் அடுக்கடுக்காக இருந்தன. உன் நீல நிற பைலை எடுத்து என் கையில் வைத்தார். அதற்கு அடியில் இருந்த பழுப்பு உறையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அவர் கழுத்து அட்டையில் இருந்த அதே பெயர். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "என்னுதுங்க. வேலைக்குச் சேரும்போது என்ற ஒரிஜினல வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நாலு வருசமாச்சு. அது இல்லாம வேற எங்கியும் வேலைக்குப் போக முடியாதுங்க." "எடுத்துக்குங்களேன் அம்மிணி" என்றேன். அவர் அலமாரியைப் பூட்டினார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்த்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பொறுங்கள், நானும் கூட இருக்கிறேன், எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வாரனுங்க." அவ்வளவுதான். பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் இருக்கும்போது மேலே அந்தக் குரல் உனக்கு அடுத்த பெயரிலிருந்து மறுபடி தொடங்கியது.

வாசலுக்கு வந்ததும் நீ கேட்டாய், "ஆருங்கப்பா என்னெய கூப்புட்டது?" "ஆபீஸ்ல" என்றேன். நீ பைலைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே கேட்கவில்லை.

உன்னைக் கோயம்புத்தூரில் சேர்த்துவிட்டு வந்த வாரம், காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அதே நம்பர். நான் எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தது, மூன்றாம் நாளும் அடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, அதெ எடுக்க மாட்டீங்களா?" என்றாள். "காலேஜ்காரங்க தொல்லை" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நான்காம் நாள் அடிக்கவில்லை. கால் சரியானதும் ரிக் வண்டிக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த வாசலைக் கடந்தேன். கல்லூரியை மூடிவிட்டார்களாம். வளைவில் பெயர் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை, தம்பியோடு சேலத்துக்குப் போயிருந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு ரோடு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அவன் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க ஒரு சின்னக் கடையில் ஏறினோம். நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளிருந்து, "ஒரிஜினல இங்க வெச்சுட்டுப் போகாத தம்பி. கையிலயே புடிச்சுக்க" என்று ஒரு குரல் வந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தம்பியைப் பேக்கரிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அவருக்கும் என்னைத் தெரிந்தது. முன்நெற்றி நரைத்திருந்தது. கவுன்சிலிங் நேரத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்துகொடுக்கிறாராம், அவர்கள் கேட்டால் எந்தக் கல்லூரியில் உண்மையில் வகுப்பு நடக்கிறது என்று சொல்கிறாராம்.

நான் அந்த மூன்று போன்களைப் பற்றிக் கேட்டேன். "அந்த ரூம்லயும் ஒரு கேமரா இருந்துதுங்க, அலமாரியத் தொறந்தது தெரிஞ்சிருச்சு. நீங்களே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனீங்கன்னு நிர்வாகத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமுன்னுதான் கூப்புட்டேன்" என்றார். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "எடுத்திருக்கலாமுங்க" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். நீ போன பிறகும் உன் பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்ததாம். ஜூலையிலிருந்து அடுத்த சித்திரை வரை, தினமும் கூப்பிட்டுக் குறித்திருக்கிறார். "அந்தக் கீர்த்தனா ஒரு நாள்கூட லீவு போடலீங்க" என்றார். நீ கோயம்புத்தூரில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு, பரீட்சைக்கு அழுதுகொண்டு, சிநேகிதிகளோடு சுற்றிக்கொண்டிருந்த அந்த மாதங்கள் முழுக்க, இன்னொரு கீர்த்தனா அந்த மலையடிவாரத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளை அங்கே உட்கார வைத்தவன் நான்.

"உங்க பொண்ணு பேரக் கூப்புடற போதெல்லாம், இன்னொருக்கா பதில் வந்துருமோன்னு பயமா இருக்குமுங்க. வரலீன்னா அதவிடப் பயமா இருக்கும்" என்றார். ஒரு நாள் அவரால் முடியவில்லை. எதிர் அறை அலமாரியைத் திறந்து தன்னுடைய உறையை எடுத்தார். மற்றப் பிள்ளைகளின் ஒரிஜினல்கள் பதினொன்று இருந்தன, அவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். திரும்ப வகுப்புக்குப் போய், கேமராவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அத்தனை பெயருக்கும் நேராக ஆப்சென்ட் போட்டார். உன் பெயருக்கும் போட்டார். பிறகு இறங்கி நடந்து வந்துவிட்டார். எடப்பாடி, ராசிபுரம், ஆத்தூர் என்று இரண்டு வாரம் பஸ்ஸில் அலைந்து, பதினொரு வீட்டிலும் பைலைக் கொடுத்திருக்கிறார். அதில் நாலு வீட்டில் அவரைத் திட்டித்தான் அனுப்பினார்களாம்.

கண்ணு, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து, அது ஒரு பட்டியலோடு உன் முன்னால் வந்து உட்கார்ந்தால், புரியாததைப் புரியவில்லை என்று அதனிடமே சொல்லிவிடு. அதற்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதற்குத் தெரியாமல் எதையும் ஏற்பாடு செய்யாதே. உனக்கு உதவி செய்தவர் கஷ்டத்தில் கூப்பிட்டால் போனை எடுத்துவிடு. நான் எடுத்துத் துணைக்கு நின்றிருந்தால் அவர் அப்போதே தன் உறையோடு வெளியேறியிருப்பார், அந்த அறையில் இன்னும் எட்டு மாதம் நின்றிருக்க மாட்டார்.

தம்பியின் பைல் அவன் பையிலேயே இருக்கிறது. இன்று காலை, "அப்பா, எதெ மொதல்ல போடட்டும்?" என்று கேட்டான். "எனக்குத் தெரியலை சாமி. நீ பாத்துச் சொல்லு, போய்ப் பாக்கறதுக்கு நானும் கூட வாரேன்" என்றேன். அப்பாவுக்கே தெரியவில்லை என்றதும் அவன் முகத்தில் ஒரு நொடி பயம் வந்தது. பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஜூனில் வகுப்புகள் திறந்ததும், அவன் முதலில் எழுதியிருக்கும் கல்லூரிக்கு இரண்டு பேரும் போகிறோம். கட்டடத்தையும் பஸ்ஸையும் அவன் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஏதாவது ஒரு வகுப்பறைக்கு வெளியே ஓரமாக நின்று, பேர் கூப்பிடும்போது எத்தனை பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள் என்று கடைசிப் பெயர்வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

உன் அப்பா